காவுதடியில் வந்த சோறு
(பினாங்கில் நான்கு நாட்கள்)

பினாங்கின் பெயரைக் கேளாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையோரச் சிற்றூர் அது. "வாப்பா எங்கே?" என்று கேட்டால், "சபரில் இருக்காங்க" என்று பிள்ளைகள் பதில் சொல்லி வளர்ந்த ஊர். என் உம்மாவும் அப்படி வளர்ந்தவர்தாம். அவருடைய தந்தையார், என் பாட்டனார், 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்குச் சென்று சோறு விற்றுப் பிழைத்தவர். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். 1966இல் அங்கேயே மௌத்தாகிவிட்டார். பெற்ற தந்தையை உம்மா வாழ்நாளில் நான்கு முறைதான் கண்டிருக்கிறார்.

பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு வெளிநாடு செல்லலாம் என்று முடிவானபோது, மகன் துபாய் என்றான்; மகள் சிங்கப்பூர் என்றாள். எழுபத்து நான்கு வயதான உம்மா, "பினாங்கு எவ்வளவு தூரம் தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு வேறு ஊரைப் பற்றிய பேச்சு எழவில்லை.

கோலாலம்பூரில் விமானத்தை விட்டு இறங்கி, மறுநாள் காலை ரயில் ஏறினோம். ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் வந்தது. பினாங்கு ஒரு தீவு. 1985இல் திறக்கப்பட்ட பாலமும் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலமும் அதனைப் பெருநிலத்துடன் இணைக்கின்றன. ஆயினும் நாங்கள் பயணிகள் படகையே தேர்ந்தெடுத்தோம். பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். கரையில் ஜார்ஜ் டவுன் நகரம் மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. உம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றார். "அவங்களும் இப்படித்தானே பார்த்திருப்பாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் நிறுவிய துறைமுக நகரம் இது. சீனர், மலாய்க்காரர், அச்சே நாட்டினர், அரபியர், தமிழர் எனப் பல திசையினரும் வந்து குடியேறினர். பழைய கடைவீதிகளும் வழிபாட்டு இடங்களும் இன்றும் கட்டுக்கோப்புடன் விளங்குவதால், 2008இல் யுனெஸ்கோ இந்நகரையும் மலாக்காவையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

முதல் நாள் அஸருக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குச் சென்றோம். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் என்பவர் 1801இல் நிறுவிய பள்ளி இது. 'கப்பித்தான்' என்பது அச்சமூகத் தலைவருக்கு அன்றைய அரசு வழங்கிய பட்டம். இன்று நாம் காணும் மொகலாயப் பாணிக் குவிமாடங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பள்ளி விரிவாக்கப்பட்டபோது எழுந்தவை. பள்ளிக்கு முன்னுள்ள அதே வீதியில் ஆங்கிலேயரின் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், அருகே 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மாரியம்மன் கோயில் ஆகியவை இருக்கின்றன. சில நிமிட நடையில் நான்கு சமயத்தாரின் ஆலயங்களையும் கடந்துவிடலாம்.

எங்கள் வீட்டில் பாட்டனாரின் புகைப்படம் ஒன்று உண்டு. இந்தப் பள்ளிவாசலின் மினாராவுக்குக் கீழே, வெள்ளைச் சட்டையும் கைலியும் அணிந்து நிற்பார். உம்மா அந்தப் படத்தைக் கைப்பையில் கொண்டு வந்திருந்தார். அதே கோணம் எங்கே கிடைக்கும் என்று மகனும் மகளும் போட்டி போட்டுத் தேடினர். கிடைத்த இடத்தில் உம்மாவை நிறுத்திப் படம் எடுத்தார்கள். பாட்டனார் அடங்கிய இடம் எங்களுக்குத் தெரியாது. பெண்கள் பகுதியில் தொழுதுவிட்டு, உம்மா நெடுநேரம் கையேந்தி அமர்ந்திருந்தார்.

அங்கிருந்து சற்று நடந்தால் சூலியா வீதி. தமிழ் முஸ்லிம்களை அக்காலத்தில் 'சூலியா' என்று அழைத்ததால் வந்த பெயர். அவ்வீதியின் ஒரு மூலையில், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட சிறிய தர்கா உள்ளது. கடல் தாண்டி வந்தவர்கள் ஊரின் ஒரு துண்டையும் கையோடு எடுத்து வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

இரண்டாம் நாள் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது. பினாங்கு மலைக்கு 1923 முதல் இழுவை ரயில் ஓடுகிறது. செங்குத்தான சரிவில் ரயில் ஏறும்போது மகள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். உச்சியில் குளிர்ந்த காற்று. கீழே நகரமும் கடலும் பாலமும் ஓவியம்போல் விரிகின்றன. மலைமேல் ஒரு சிறு பள்ளிவாசலும் உண்டு. லுஹரை அங்கேயே நிறைவேற்றினோம். மாலையில் ஆர்மீனியன் வீதிக்கு வந்தோம். 2012இல் லிதுவேனிய ஓவியர் ஒருவர் சுவரில் வரைந்த இரு குழந்தைகள், உண்மையான சைக்கிள் ஒன்றில் அமர்ந்திருப்பதுபோல் காட்சி தருகின்றனர். அதனருகே நின்று படம் எடுக்க நீண்ட வரிசை. பக்கத்திலேயே 1808இல் கட்டப்பட்ட அச்சே வீதிப் பள்ளிவாசல். கப்பல்காலத்தில் இந்த வட்டாரமெங்குமிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் இங்கே கூடினார்கள். பினாங்குக்கு 'இரண்டாவது ஜித்தா' என்ற பெயரும் அதனால் வந்தது.

இனி உணவு. தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும் பச்சை நிற மாவிழைகளும் பனித்துருவலும் கலந்த செண்டோல் வெயிலுக்கு இதம். ஜாதிக்காய்ச் சாறு இத்தீவில் பேர்பெற்றது. இறால் வடை, வெள்ளரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மீது இனிப்பும் காரமுமான குழம்பு ஊற்றித் தரும் பசம்பூர், நம்மவர்களின் கைவண்ணம். மீனும் புளியும் சேர்ந்த அசாம் லக்சாவை மகன் ஒரு கரண்டியோடு நிறுத்திவிட்டான். மகளோ கிண்ணத்தைக் காலி செய்தாள். ஒரு குறிப்பு: இங்கே எல்லாக் கடைகளும் ஹலால் அல்ல. ஹலால் சான்றைப் பார்த்தோ கேட்டறிந்தோ உள்ளே செல்வது நலம்.

எல்லாவற்றிலும் பேர்பெற்றது நாசி கண்டார். 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் தடி. நாம் காவுதடி என்கிறோமே, அதுதான். தடியின் ஒரு முனையில் சோறு, மறு முனையில் கறிக் குழம்பு. இப்படிச் சுமந்துகொண்டு நம் மக்கள் துறைமுகத் தொழிலாளருக்குக் காலைச் சோறு விற்றனர். இன்று தடி இல்லை. இரவு பகலாக இயங்கும் பெரிய உணவகங்கள் இருக்கின்றன. வெள்ளைச் சோற்றின்மேல் கோழி, கணவாய், மீன் சினை, வெண்டைக்காய் என நாம் காட்டுவதை வைத்து, நான்கைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறார்கள். குழம்பு நிறைய வேண்டுமானால் 'பஞ்சிர்' என்று கேட்க வேண்டும். மலாய் மொழியில் அதற்கு வெள்ளம் என்று பொருள்! விலையை முன்பே கேட்டுக்கொள்வது பைக்கு நல்லது.

மூன்று நாட்களும் உம்மா அதைத் தொடவில்லை. ரொட்டி சானாயும் தேநீருமாகக் காலத்தைக் கழித்தார். "அந்தச் சோறுதானே அவங்களை எங்கிட்டேருந்து பிரிச்சுச்சு" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கடைசி நாள் பகலில் நாங்கள் நுழைந்த கடையில், குழம்பு ஊற்றிய இளைஞர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க எந்த ஊரு?" என்றார். அவர் ஊர் எங்கள் ஊரிலிருந்து பத்தே மைல். வேலைக்கு வந்து மூன்றாண்டு ஆகிறது. மகள் பிறந்தபோது இங்கே இருந்தார். அவளுக்கு இப்போது இரண்டு வயது. "தினமும் போனில் முகம் பார்த்துக்கிறேன் பெரியம்மா" என்று சிரித்தார்.

"முகம் பார்க்குது. மடியில் ஏறலையே வாப்பா" என்றார் உம்மா.

இளைஞரின் சிரிப்பு அடங்கியது. வந்ததற்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை என்றும், அடுத்த ரமலானுக்குள் எப்படியாவது போய்விட வேண்டும் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். உம்மா சற்று நேரம் அவரையே பார்த்திருந்தார். பிறகு, "எனக்கும் ஒரு தட்டு வை" என்றார்.

உம்மா அன்று ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் உண்டார். என் மகன் வியப்போடு, "நல்லா இருக்கா உம்மம்மா?" என்று கேட்டான். "நல்லாத்தான் இருக்கு. உன் வாப்பாவோட அப்பாவும் இப்படித்தான் ஆக்கியிருப்பாங்க" என்றவர், தலையை அசைத்து, "இல்ல இல்ல, என் வாப்பா" என்று திருத்திக்கொண்டார். அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டது அபூர்வம்.

புறப்படுமுன் அந்த இளைஞர் தங்குமிடத்துக்கு வந்து, ஒரு சிறு பொட்டலத்தைத் தயக்கத்துடன் நீட்டினார். குழந்தைக்கு ஒரு கவுன், கொஞ்சம் ஜாதிக்காய் மிட்டாய். எங்கள் பெட்டியில் இடமில்லை. உம்மா தாம் வாங்கிய இரண்டு சேலைகளைக் கைப்பைக்கு மாற்றிவிட்டு அதனைப் பெட்டிக்குள் வைத்தார்.

ஊர் வந்த மூன்றாம் நாள் பொட்டலத்தைக் கொடுக்கச் சென்றோம். குழந்தை தாயின் பின்னால் ஒளிந்துகொண்டது. உம்மா தரையில் அமர்ந்து, மிட்டாய் ஒன்றைப் பிரித்து நீட்டி, "உன் வாப்பா கொடுத்தது" என்றார். குழந்தை உடனே உள்ளே ஓடி, மேசை மேலிருந்த செல்பேசியை எடுத்து வந்து உம்மாவின் கையில் கொடுத்தது. அதற்கு வாப்பா என்றால் அதுதான்.

வாசகர்களே, பினாங்கு சென்றால் அந்தச் சோற்றைத் தவறாமல் உண்டு பாருங்கள். பரிமாறுகிறவரிடம் எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கொடுத்தனுப்ப ஏதேனும் இருந்தால், பெட்டியில் கொஞ்சம் இடம் வையுங்கள்.