இருபத்தோராவது ஆள்

இடதுசாரி, வலதுசாரி எண்டு நாங்கள் சாதாரணமாப் பாவிக்கிற சொற்கள் ஒரு மண்டபத்தில ஆக்கள் இருந்த ஒழுங்கில இருந்து வந்தவை. 1789இல் பிரான்சின் தேசிய சபையில், அரசருக்கு வீட்டோ அதிகாரம் வேணும் எண்டவர்கள் சபைத் தலைவரின் வலப்பக்கம் இருந்தார்கள். வேண்டாம் எண்டவர்கள் இடப்பக்கம். ஆனால் எதிர்ப்பக்கம் ஒண்டு இருக்கிறது வேற, அதுக்கு அங்க இருக்க உரிமை இருக்கு எண்டு ஏற்றுக்கொள்ளுறது வேற. இரண்டாவதுக்கு பிரான்ஸ் நூறு வருடத்துக்கு மேல எடுத்தது.

அரசியல் விஞ்ஞானப் பாடத்துக்காக இந்த வரலாற்றை வாசிக்கேக்க, ஒரு கலியாணம்தான் எனக்கு மனசை விட்டுப் போகேல்லை. 1790 டிசம்பரில் பத்திரிகையாளர் கமீய் டெமூலன் பாரிசில் லூசில் எண்ட பெண்ணைக் கலியாணம் செய்தார். சாட்சிகளாக நின்றவர்களில் பிரிசோவும் ரோபெஸ்பியரும் இருந்தார்கள். ரோபெஸ்பியரும் மாப்பிள்ளையும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். 1793 ஒக்டோபர் 31 பிரிசோ கில்லட்டினுக்குப் போனார். பிறகு, கருணை காட்டச் சொல்லித் தன் பத்திரிகையில் எழுதிய டெமூலன் 1794 ஏப்ரல் 5 கொல்லப்பட்டார். அவரைக் கைதுசெய்யும் ஆணையில் ரோபெஸ்பியரின் கையெழுத்தும் இருந்தது. எட்டு நாளில் லூசில். ஜூலை 28 ரோபெஸ்பியர். அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் எண்டு அறிவித்திருந்ததால் விசாரணைகூட நடக்கேல்லை.

இதை வெறும் கொடூரம் எண்டு சொல்லி முடிக்க ஏலாது. இவர்கள் ரூசோவை வாசித்து வளர்ந்தவர்கள். மக்களின் பொது விருப்பம் ஒண்டுதான் எண்டு மனதார நம்பினார்கள். அப்படியெண்டால் மாறிக் கதைக்கிறவன் ஆர்? விளங்காதவன், இல்லாட்டி விலைபோனவன். ‘கோஷ்டி’ எண்டது அந்தக் காலத்தில ஒரு வசவு. துரோகி எண்ட சொல் எங்கட சனத்துக்கும் புதுசில்லை. எங்கட பட்ச் கூட்டத்தில ஒரு பிள்ளை எழும்பி, “எனக்கு இதில உடன்பாடில்லை” எண்டு சொன்னால், அவள் சொன்ன காரணத்தைக் கேக்க முதல், “உன்னை ஆர் கதைக்கச் சொன்னது?” எண்டுதான் கேக்கிறம். ஒற்றுமை எண்ட நல்ல சொல்லை வைச்சே ஒரு ஆளின்ர வாயை மூடலாம்.

புரட்சி முடிஞ்சும் அந்தப் பயம் போகேல்லை. நெப்போலியன் காலத்து 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவு, 20 பேருக்கு மேல ஒழுங்காகக் கூடுற எந்தச் சங்கத்துக்கும் அரசாங்க அனுமதி வேணும் எண்டது. அரசியலுக்கு மட்டுமில்லை, சமயத்துக்கும் இலக்கியத்துக்கும் அதேதான். எங்கட வாசிப்பு வட்டத்துக்கு இருபத்தோராவது ஆள் வந்தால் நாங்களும் குற்றவாளிகள்! சங்கங்கள் தங்களைச் சின்னச் சின்னப் பிரிவுகளாகப் பிரிச்சுத் தப்பப் பார்க்க, 1834இல் இன்னொரு சட்டம் அதையும் தடுத்தது.

1877இல் ஒரு திருப்பம். முடியாட்சிப் பக்கம் சாய்ந்த ஜனாதிபதி மக்மஹோன், குடியரசுவாதியான பிரதமரை விலக வைத்தார். 363 உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். சபையைக் கலைத்துத் தேர்தல் வைத்தார். திரும்பவும் குடியரசுவாதிகளுக்கே பெரும்பான்மை. அவரிட்ட இராணுவம் இருந்தது, ஆனாலும் கடைசியில முடிவை ஏற்றுக்கொண்டார். 1879இல் பதவி விலகினார். ஒரு தலையும் விழேல்லை.

1901 ஜூலை 1ஆம் திகதிச் சட்டம்தான் முன் அனுமதி இல்லாமல் சங்கம் அமைக்கிற உரிமையைக் கொடுத்து 291ஆம் பிரிவை நீக்கியது. அப்பவும் கத்தோலிக்கத் துறவற சபைகளுக்கு மட்டும் அனுமதி கட்டாயம். பயம் இன்னொரு பக்கம் திரும்பியிருந்தது. அந்த வருடமே ரடிக்கல் கட்சி உருவானது, 1905இல் சோசலிஸ்டுகள் ஒரே கட்சியானார்கள். எதிரணிக் குழுக்களுக்குத் தனி உரிமைகள் உண்டு எண்டு அரசியலமைப்பு எழுதினது 2008இல்தான்.

ரோபெஸ்பியருக்கும் டெமூலனுக்கும் இடையில பள்ளிக்கூட நட்பு இருந்தது, கலியாணச் சாட்சி இருந்தது. ஒண்டும் காப்பாத்தேல்லை. அதனால மாற்றுக்கருத்தை நாங்கள் மதிப்பம் எண்டு ஆரும் சொல்லேக்க எனக்கு அது காணாது. தோற்றவர் உயிரோட வீட்டை போய், அடுத்த முறை திரும்பி வந்து கேக்கிறதுக்கு என்ன விதி எழுதி வைச்சிருக்கிறியள் எண்டுதான் கேக்கத் தோன்றுது.