பழைய ஜீப்பும் நேர்மையான விலையும்



ஓய்வு நேரத்தில் உள்ளத்துக்கு இதமளிக்கும் பொழுதுபோக்கு ஒன்று பெரும்பாலோருக்கு இருக்கும். சிலர் தபால் தலை சேர்ப்பார்கள். சிலர் புறா வளர்ப்பார்கள். சிலர் கொல்லையில் நான்கு ரோஜாச் செடிகளை வைத்து அவற்றோடு பேசிக் கொண்டிருப்பார்கள். எனக்கு வாய்த்ததோ சற்றுப் பருமனான பொழுதுபோக்கு. நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப் வண்டிகளைத் தேடி வாங்குவேன், செப்பனிட்டு ஓட்டுவேன், விரும்பிக் கேட்பவருக்கு விற்பேன். வில்லியனூரை அடுத்த சுல்தான்பேட்டையில், எங்கள் வீட்டுக் கொல்லையில் உள்ள தகரக் கொட்டகைதான் என் பட்டறை. இப்படியே இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இரும்பையும் கிரீஸையும் பற்றி ஒரு குடும்ப இதழில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் வினவலாம். இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் வாங்குதலும் விற்றலும் உண்டு. அவை உள்ள இடத்தில் ஹலால், ஹராம் என்ற கேள்வியும் தானே வந்து நிற்குமல்லவா? அந்தக் கேள்வியை முன்னிட்டே இதை எழுதுகிறேன்.

ஜீப் வந்த வழி

1940ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்த வேளையில், கரடுமுரடான நிலத்திலும் ஓடக்கூடிய இலேசான வண்டி ஒன்று வேண்டுமென அமெரிக்க இராணுவம் கேட்டது. பாண்டம் என்னும் சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்கள் அதனைப் பெருமளவில் உருவாக்கின. 1941 முதல் 1945 வரை 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின.

அதன் சிறப்பு யாது? அக்காலத்துச் சாதாரணக் காரில் எஞ்சினின் விசை இரண்டு சக்கரங்களுக்கே செல்லும். அவை மணலில் புதைந்து வீணே சுழன்றால் வண்டி நின்றுவிடும். ஜீப்பிலோ கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் மற்றொரு பெட்டி இருக்கிறது. அது விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து தருகிறது. பின் சக்கரம் புதைந்தாலும் முன் சக்கரம் இழுத்துக் கரை சேர்க்கும்.

நம் நாட்டில் ஜீப்பின் கதை ஒரு கூட்டு வணிகத்தில் தொடங்குகிறது. 1945இல் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முஹம்மது அவர்களும் சேர்ந்து 'மஹிந்திரா அண்ட் முஹம்மது' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். பிரிவினையின்போது குலாம் முஹம்மது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951இல் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தார். 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' என்று மாறிற்று. இரண்டு 'எம்' எழுத்துகள் மட்டும் மாறாமல் நின்றன. வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பொருத்தி விற்று வளர்ந்த நிறுவனம் அது. நம் கிராமப்புறங்களில் இன்றும் தென்படும் உயர்ந்த பானட் கொண்ட ஜீப், வில்லிஸ் நிறுவனம் 1953இல் வெளியிட்ட சி.ஜே.3பி என்னும் வகை. எஞ்சினில் ஒரு பகுதி வால்வுகளை மேலே ஏற்றி வைத்ததால் எஞ்சினின் உயரம் கூடிற்று. அதற்கேற்ப பானட்டும் உயர்ந்தது.

இராணுவம் கழித்து ஏலம் விட்ட ஜோங்கா வண்டிகளுக்கும் ஆர்வலர்களிடம் தனி மதிப்பு உண்டு. ஜப்பானின் நிசான் பேட்ரோலை ஒட்டி ஜபல்பூர் இராணுவத் தொழிற்சாலையில் உருவான அவ்வண்டியின் உற்பத்தி 1999இல் நின்றது. வளைகுடாவில் பணிபுரிந்த சகோதரர்கள், 1960 முதல் 1984 வரை வெளிவந்த டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 40 வரிசை வண்டிகளைப் பாலைவனத்தில் கண்டிருப்பார்கள். மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங்கை அடுத்த மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்கு, 1950களில் செய்யப்பட்ட லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளைச் சுமந்து ஏறி வந்திருக்கின்றன. பேணுபவர் கிடைத்தால் இரும்புக்கும் நீண்ட ஆயுள் உண்டு என்பதற்கு அவையே சான்று.

கடற்காற்றும் சுத்தியலும்

எங்கள் பகுதியில் ஜீப்புக்கு முதற்பகைவன் கடற்காற்று. காற்றில் வரும் உப்பு இரும்பின் மீது படிந்து, ஈரத்தை ஈர்த்து வைத்துக் கொள்ளும். வெளியே தெரியும் துருவைத் தேய்த்துவிடலாம். வண்டியின் முதுகெலும்பாகிய சேஸ் சட்டத்தின் உட்புறத்தில், சேறும் உப்பும் சேர்ந்து அரிக்கும் துருவோ கண்ணுக்குத் தெரியாது. 1948இல் லேண்ட் ரோவர் வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாட்டினால் அதன் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால் உடல் துருவிலிருந்து தப்பியது. ஆனால் அதற்கும் சேஸ் எஃகுதான்.

ஆகவே பழைய வண்டி பார்க்கச் செல்லும்போது என் பையில் ஒரு சிறு சுத்தியல் இருக்கும். சேஸை நெடுகத் தட்டிக் கொண்டே போவேன். நல்ல இரும்பு 'ணங்' என்று பேசும். அரித்த இடம் ஊமையாகிவிடும். ஊமையான இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்து, பட்டி பூசி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டால் புதியவர் கண்டுபிடிக்கவே மாட்டார்.

இவ்வணிகத்தின் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. இதில் உண்மையான முதலீடு அறிவுதான். வண்டியின் மதிப்பும் குறையும் ஒருவருக்குத் தெரியும். எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. விற்கும்போது குறையை மறைப்பது தவறு என்பதை எல்லோரும் ஒப்புக் கொள்வார்கள். வாங்கும்போது மதிப்பை மறைப்பதைச் சாமர்த்தியம் என்றே பலரும் பாராட்டுகிறார்கள்.

வீராம்பட்டினத்தில் கண்டது

அரியாங்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது வீராம்பட்டினம். அதனருகில்தான் உரோமாபுரியோடு வணிகம் நடத்திய தொன்மையான அரிக்கமேடு இருக்கிறது. 1937இல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே சிறுவர்களிடமிருந்து பழைய மணிக்கற்களை விலைக்கு வாங்கினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தாய்ந்த பின்னரே அம்மண்ணின் பெருமையை உலகம் நன்கறிந்தது. காலடியில் கிடப்பதன் மதிப்பு அங்கே வாழ்பவருக்குத் தெரியாமற் போவது புதிதன்று.

அவ்வூரில், மீன் வியாபாரம் செய்து மறைந்த ஒருவரின் வீட்டில் சி.ஜே.3பி ஜீப் ஒன்று நிற்பதாக ஐஸ் வண்டி ஓட்டும் ஒருவர் மூலம் அறிந்து, மெக்கானிக் நண்பர் ஒருவரோடு சென்றேன். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் கொட்டகை சரிந்து அதன்மேல் விழுந்ததாம். அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை. கீற்றுகளை விலக்கிப் பார்த்தோம். டயர்கள் மண்ணோடு மண்ணாகியிருந்தன. ஆனால் சுத்தியலுக்குச் சேஸ் பெரும்பாலும் 'ணங்' என்றே பதில் சொல்லிற்று. எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருந்தன. மாற்றம் ஏதும் செய்யப்படாத வண்டி. ஆர்வலர் கண்ணுக்கு அது புதையல்.

அந்த வீட்டு அம்மா கூறினார்: "பாய், இரும்புக் கடைக்காரரு இருபத்தஞ்சாயிரம் சொல்லிட்டுப் போயிருக்காரு. நீங்க மேல அஞ்சாயிரம் போட்டுக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. இடத்த அடச்சிக்கிட்டு நிக்குது."

நண்பர் மெல்ல என் கையை அழுத்தினார். அதன் பொருள் எனக்குப் புரிந்தது.

அந்தக் கணத்தில் ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அவர்களுக்காக அவர்களுடைய பணியாளர் 300 திர்ஹமுக்கு ஒரு குதிரையை விலைபேசி, உரியவரையும் அழைத்து வந்தார். குதிரையைக் கண்ட ஜரீர் (ரலி) அவர்கள், அது அதைவிட மேலானது என்று உரியவரிடமே கூறி, படிப்படியாகத் தாமே விலையை உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். எல்லோருக்கும் நலம் நாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் அளித்திருந்த வாக்கையே அதற்குக் காரணமாகக் கூறினார்கள். சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை விலை அவர்களுக்குத் தெரியும் முன் வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும் நாம் அறிந்ததே. கிராமம் கிராமமாகச் சென்று பழைய ஜீப் தேடும் எங்களைப் போன்றோருக்கே சொல்லப்பட்டது போல இல்லையா? எதிரில் நிற்பவர் மாற்று மதச் சகோதரி என்பதால் அந்தக் கடமை குறைந்துவிடுமா?

"அம்மா, இது இரும்பு விலைக்குப் போக வேண்டிய வண்டி இல்லை. இப்போதுள்ள நிலையிலேயே ஒன்றரை இலட்சம் வரை பெறும். நானே அந்த விலை தருகிறேன். அவசரப்படாமல் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றும் என்று நீங்கள் எண்ணலாம். தோன்றியது ஐயமே. கடலுக்குப் போய்த் திரும்பிய மகனோ, "பாயே இவ்வளவு சொல்றாருன்னா, இன்னும் எவ்வளவோ பெறும்" என்று கூறிவிட்டார். வேறு சிலர் வந்து பார்த்தார்கள். முடிவில் அந்த ஜீப் 1,60,000 ரூபாய்க்குக் கடலூர்ப் பக்கத்து ஆர்வலர் ஒருவரிடம் சென்றது. மெக்கானிக் நண்பர் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

சில மாதங்களுக்குப் பின் அந்த அம்மா என் வீடு தேடி வந்தார். மீன் ஏற்ற மகன் பழைய லோடு வண்டி ஒன்றை வாங்கப் போவதாகவும், "பாய் வந்து தட்டிப் பாத்துச் சொன்னாத்தான் பணம் குடுப்பேன்" என்று தாம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தார். சென்று தட்டினேன். புதுப் பெயிண்டுக்கு அடியில் சேஸ் பாதி ஊமையாக இருந்தது. அந்த வண்டியை அவர்கள் வாங்கவில்லை.

தாள்களும் முக்கியம்

இல்லத்தரசிகள் கவனத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று. வண்டிக்கு உரியவர் மறைந்துவிட்டால், வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யைத் தம் பெயருக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். மற்ற வாரிசுகளின் பங்கும் அதில் இருப்பதால், அவர்கள் சம்மதம் பெறுவது மார்க்கக் கடமையும் ஆகும். விற்கும்போது படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பமிட்டு, பெயர் மாறிவிட்டதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். பதிவில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்ற வண்டிக்காக வழக்குமன்றம் ஏறும் நிலை யாருக்கும் வரலாகாது.

வாங்குவோரும் ஒன்றை அறிக. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்றும், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும் அவ்விதி கூறிற்று. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர, வாடகைக்கோ அன்றாடப் போக்குவரத்துக்கோ பயன்படுத்தலாகாது. மேலும், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே மனம் போனபடி எஞ்சினை மாற்றிய ஜீப், பார்க்க எவ்வளவு அழகாக இருப்பினும், வாங்குபவர் தலையில் ஏறும் சுமையே.

நான் கடைப்பிடிப்பவை

விற்கும்போது வாங்குபவரை முதலில் வண்டிக்கு அடியில் படுக்க வைப்பேன். தகடு வைத்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டுவேன். சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். இதனால் சிலர் திரும்பிப் போய்விடுவதுண்டு. வாங்கிச் சென்றவர் எவரும் சண்டைக்கு வந்ததில்லை.

வாங்கும்போது என் மதிப்பீட்டை உரியவரிடம் சொல்லிவிட்டே விலை பேசுவேன். இலாபம் குறையத்தான் செய்கிறது. செப்பனிடுவதில் நாம் செலுத்தும் உழைப்புக்கு இலாபம் உண்டு. அது நமக்கு ஆகுமானது. பிறர் அறியாமையிலிருந்து வரும் இலாபம் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

இறுதியாக, இத்துறையில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு ஒரு சொல். வட்டிக் கடன் வாங்கியோ, மனைவியின் நகையை அடகு வைத்தோ பழைய வண்டி வாங்காதீர்கள். குடும்பச் செலவு போக மிஞ்சுவதில் மட்டும் கை வையுங்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளையும் பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். போல்ட் கழற்றக் கற்றுக் கொள்ளட்டும்; விலை பேசும்போதும் உடன் இருக்கட்டும். தந்தை எப்படிப் பேசி வாங்குகிறார், எதைச் சொல்லி விற்கிறார் என்பதைப் பார்த்துத்தானே அவர்களும் வணிகம் பழகுவார்கள்?

நம் வாங்குதலிலும் விற்றலிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.