தணிக்க முடியாத அடுப்பு

எங்கள் காரைக்கால் பக்கத்துச் சமையலில் பாதி சூட்சுமம் அடுப்பைத் தணிப்பதில்தான் இருக்கிறது. மீன் குழம்பு ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டவிட வேண்டும். அதனால்தானோ என்னவோ, தீயே மூட்டாமல் சமைக்கிற ஓர் இடத்தைப் பார்த்ததும் 'இதைத் தணிப்பது எப்படி?' என்றுதான் எனக்குத் தோன்றியது.

இமாசலப் பிரதேசம், குல்லு மாவட்டத்து மணிகரண் அது. பனி உருகி ஓடும் பார்வதி ஆற்றின் கரையிலேயே வெந்நீர் ஊற்று கொப்பளிக்கிறது. குருத்வாராவின் இலவசப் பொதுப் பந்தியான லங்கருக்கான சோறும் பருப்பும் பெரிய பாத்திரங்களில் அந்த ஊற்றுக்குள் இறங்கி வேகின்றன. குரு நானக்கின் சீடர் மர்தானா போட்ட ரொட்டிகள் முதலில் மூழ்கி, வேண்டிக்கொண்ட பிறகு வெந்து மிதந்தன என்பது அங்குள்ள ஐதீகம். வருகிறவர்களும் சிறு துணிமூட்டையில் அரிசி கட்டிக் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். நானும் விட்டேன். தூக்கியபோது துணி இறுகி, மூட்டை உருண்டையாகப் புடைத்திருந்தது; பிரித்தால் சோறு குழையாமல், ஆனால் மெத்தென்று.

மணிகரண் போலக் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எத்தனை நேரம் காத்திருந்தாலும் சூடு அதைத் தாண்டாது. சோறு வேகும், பருப்பு மசியும். கடுகு வெடிக்காது, கோலா மீன் பொரியாது. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் ஃபுர்னாஸ் என்ற ஊரிலும் இதே கதைதான். இறைச்சியும் கோசும் நிறைந்த பானையை வெந்நிலத்தில் புதைத்துவிட்டு, ஆறு மணி நேரம் போல் காத்திருக்கிறார்கள். கிளறவோ உப்பு பார்க்கவோ வழியில்லை, பொறுமைதான் பக்குவம்.

பொரிக்கவும் சுடவும் உலர்ந்த சூடு வேண்டும். ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் அது இருக்கிறது. 1730 முதல் 1736 வரை எரிமலை கக்கிய திமன்ஃபாயாவில், கலைஞர் செசார் மன்ரிக்கே 1970-இல் உருவாக்கிய 'எல் டயாப்லோ' உணவகத்தில், கிணறு போன்ற குழியின் மேல் கம்பி வலை போட்டுக் கோழி சுடுகிறார்கள். வெளியே ஒரு குழியில் காய்ந்த செடியைப் போட்டால் தானே பற்றிக்கொள்கிறது.

எங்கள் காரைக்கால் மண்ணோ ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். பூமிக்குள் கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 முதல் 30 டிகிரிதான் சூடு கூடும். தண்ணீர் கொதிக்கிற அளவு சூட்டுக்கு நாம் இரண்டரை, மூன்று கிலோமீட்டர் துளைக்க வேண்டும். அந்த ஆழத்துக்கெல்லாம் ஓ.என்.ஜி.சி. போகிறது, காவிரிப் படுகைப் பணிகளை அது காரைக்காலிலிருந்துதான் நடத்துகிறது. ஆனால் அது தேடிப்போவது எண்ணெயும் எரிவாயுவும்.

மணிகரணில் காசில்லாமல் கிடைக்கும் நெருப்பு, காசில்லாமல் ஊருக்கே சோறு போடுகிறது. அந்தக் கணக்கு நியாயமானது. பசித்து வருகிறவனுக்கு அதுவே போதும். ஆனால் அப்படியோர் ஊற்று எங்கள் கொல்லையிலேயே பொங்கினாலும், தாளிப்பதற்கென்று ஒரு சிலிண்டர் வாங்காமல் எங்கள் வீட்டில் குழம்பு இறங்காது.