வெள்ளிக் காசும் பச்சைப் பொடியும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என மலர்க்குழுவினர் பணித்தபோது, எதை எழுதுவதென்று யாம் நெடிது எண்ணவில்லை. பழைய மாணவர் பலர் தாம் பெற்ற பரிசுகளையும் வெற்றிகளையும் நினைவு கூர்வர். யாம் எமது பிழையொன்றை நினைவு கூர விரும்புகின்றோம். அப்பிழைக்கு இடமாயிருந்தது ஒரு காளான்.

1964 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மழை விட்ட மறுநாட் காலையில், விளையாட்டிடத்தின் ஓரத்தே புல்லினிடையே வெண்குடைகள் வட்டமாக முளைத்திருந்தன. விடுதியில் எம்மோடிருந்த தோழர் மூவர் அவற்றைச் சமைத்துண்ண விரும்பினர். உண்ணத்தக்கனவோ என்று எம்மைக் கேட்டனர். புற்றடியில் முளைக்கும் காளானை அம்மம்மா கறியாக்கித் தர உண்டு வளர்ந்தவர் யாம். கொதிக்கும் சட்டியில் அவர் வெள்ளிக் காசொன்றை இடுவார். காசு கறுக்காவிடின் நஞ்சில்லை என்பார். அச்சோதனையையே யாமும் செய்தோம். காசு கறுக்கவில்லை. “பயமில்லை, சாப்பிடுங்கோ” என்று மூவருக்கும் உறுதி கூறினோம்.

இரண்டு மணி நேரம் கழியுமுன் நால்வரும் வாந்தியெடுத்தோம். எம்முள் இளையவன், எட்டாம் வகுப்பு மாணவன், கண் செருகிச் சோர்ந்து வீழ்ந்தான். அவனை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்ற இரவில், அவன் தாயார் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்னும் எண்ணமொன்றே எம் நெஞ்சை அரித்தது. மூன்றாம் நாள் அவன் எழுந்திருந்து கஞ்சி குடித்தான். அதன் பின்னரே எமக்கும் உணவு இறங்கியது.

எமது தாவரவியல் ஆசிரியர் எம்மைக் கடிந்துரைக்கவில்லை. பறியாது எஞ்சிய காளானொன்றைக் கொண்டுவரச் செய்து, தண்டை நீக்கி, குடையை வெள்ளைத் தாளின்மேற் கவிழ்த்து, அதன்மேல் கண்ணாடிக் குவளையொன்றை மூடினார். “தம்பி, நாளைக் காலையில் வந்து பார். அதுவரை ஒன்றும் சொல்லாதே” என்றார். மறுநாள் குவளையை எடுத்தபோது, குடையின் அடியிலுள்ள தகடுகளின் வடிவம் மங்கிய பச்சைப் பொடியாகத் தாளிற் பதிந்திருந்தது. அப்பொடியே காளானின் வித்திகள். குளோரோபில்லம் மொலிப்டைற்றிசு என்னும் நச்சுக் காளானின் அடையாளம் அப்பச்சை நிறமாகும். எம் அம்மம்மா சமைத்த புற்றுக்காளானின் வித்திகளோ இளஞ்சிவப்பானவை. அது கறையான்கள் தம் கூட்டினுள்ளே வளர்க்கும் பங்கசிலிருந்து எழுவது; அதன் தண்டின் அடி மண்ணுள் நீண்டு அக்கூட்டைச் சென்றடையும். மேலே காண்பது இரண்டிலும் வெண்குடையே.

வெள்ளிக் காசின் சோதனை வெறும் நம்பிக்கையே என்பதையும் அன்றே அறிந்தோம். வெள்ளியைக் கறுக்கச் செய்வன கந்தகச் சேர்வைகள். காளானின் நஞ்சுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐரோப்பாவிலே பல உயிர்களைக் கொண்ட அமனிற்றா வகைக் காளானைச் சமைத்தாலும் காசு கறுப்பதில்லை. சமைப்பதால் அதன் நஞ்சு கெடுவதுமில்லை. அதை உண்டவர் பல மணி நேரம் நலமாகவே இருப்பர். அதன் பின்னரே ஈரல் கெடத் தொடங்கும்.

அன்று ஆசிரியர் எமக்கு இன்னொரு கதையும் கூறினார். 1869 ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்சு அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்கிலி என்னும் அறிஞர் அப்பங்கசுக்கு எமிலெயா வசுத்தாத்திரிக்சு எனப் பெயரிட்டார். வித்தியின் ஒரு பாதி வழுவழுப்பானது என்பது முதற் சொல்லின் குறிப்பு. பாழாக்குவது என்பது இரண்டாவதன் பொருள். தோட்டத்துரைமார் பலர் மண்ணையும் வானிலையையும் குறை கூறினர். 1880 இல் வந்த மார்சல் உவாட் என்னும் இளைஞர், வித்திகள் காற்றிற் பரவுவதையும், நனைந்த இலையின் மேல் முளைத்து இலைவாய் வழியே உட்புகுவதையும் பொறுமையாக ஆராய்ந்து நிறுவினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மலைதோறும் இடைவெளியின்றிப் பரந்த கோப்பி அழிந்தது. தேயிலை அவ்விடத்தைக் கொண்டது. கோப்பியை நம்பி உழைத்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர். கண்ணுக்குத் தெரியாத பொடியொன்று ஒரு நாட்டின் வாழ்வையே மாற்றிவிட்டது.

எம் காலத்திற் காளானைத் தாவரமென்றே கற்பித்தனர். 1969 இல் விற்றேக்கர் என்பார் பங்கசுகளைத் தனி இராச்சியமாக வகுத்தார். அவை தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவின என்று இன்று அறிகின்றோம். நூல்கள் மாறின, ஆயினும் அவ்வெள்ளைத் தாளின் பாடம் எமக்கு மாறவில்லை. வித்தியின் நிறம் ஒன்றே உண்ணத்தக்கதைக் காட்டிவிடாது. பிற அடையாளங்களும் பொருந்தவேண்டும். ஆதலின் காட்டுக் காளானை, நன்கறிந்தவர் பார்த்துப் பெயர் கூறும் வரை, மாணவத் தம்பியர் வாயிலிடாதிருப்பாராக.

அன்று சோர்ந்து வீழ்ந்த இளையவன் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவன். பழைய மாணவர் விருந்துகளில் எம்மருகே அமரும்போதெல்லாம், சட்டைப் பையிலிருந்து காசொன்றை எடுத்து எம் இலையோரத்தில் வைத்துச் சிரிப்பான். யாமும் சிரிப்போம், ஆயினும் அவன் சோறெடுத்து உண்ணும் வரை எம் கை இலையைத் தொடுவதில்லை.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!