உப்பும் சர்க்கரையும்

எனக்கு ஓர் அக்காள் இருந்தாள். நான் அவளைப் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஒன்றரை வயதில், அவள் மறைந்து போனாள். வீட்டில் அவளுக்குப் 'பாப்பா' என்றுதான் பெயர். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில், மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சோடிக் கொலுசு இருக்கிறது. அவள் இருந்தாள் என்பதற்கு அது ஒன்றே சான்று. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் ஒரு நாள் அம்மா அந்தக் கொலுசை எடுத்துக் கழுவித் துடைத்து, ஒரு சிறு டம்ளரில் பால் வைத்துக் கும்பிடுவார். அன்று வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

விலங்கியல் மாணவன் ஒருவன் கல்லூரி மலருக்குச் செல்லைப் பற்றிக் கட்டுரை எழுத வந்துவிட்டு வீட்டுக் கதை பேசுகிறானே என்று நண்பர்கள் எண்ணக்கூடும். பொறுத்தருள வேண்டும். செல்லைப் பற்றி நான் படித்தவற்றுள் எது என் நெஞ்சில் ஆழப் பதிந்ததோ, அது அந்தக் கொலுசோடு சேர்ந்தே பதிந்திருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை எழுத எனக்குத் தெரியவில்லை.

புதுக்கோட்டைப் பக்கம், வானம் பார்த்த பூமி எங்கள் ஊர். அப்பா கட்டட வேலைக்குச் செல்பவர். அம்மா கடலை பறிக்கவும் களை எடுக்கவும் போவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. முதலாம் ஆண்டில் சவ்வு, புரதம், மூலக்கூறு என்பவையெல்லாம் எனக்கு வெறும் சொற்களாகவே இருந்தன. தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். தேர்வு முடிந்ததும் மறந்தேன். அவற்றுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஏதேனும் உறவு உண்டென்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இரண்டாம் ஆண்டில் செல் உயிரியல் பாடம் வந்தது. ஒரு நாள் பிற்பகல். மின்விசிறி நின்று போய், வகுப்பில் பாதிப் பேர் கண் சொக்கிக் கிடந்தோம். பேராசிரியர் கரும்பலகையில் செங்கற்களை நிறுத்தி வைத்தது போல் ஒரு வரிசை வரைந்தார். "இவை சிறுகுடலின் உட்சுவரில் நிற்கும் செல்கள். நீங்கள் உண்ட சோறு இந்த வரிசையைத் தாண்டிய பிறகுதான் உங்களுடையது. அதுவரை அது வயிற்றுக்குள் இருந்தாலும் உடலுக்கு வெளியே இருப்பதாகத்தான் பொருள்" என்றார். என் தூக்கம் கலைந்தது.

நம் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி செல்கள் உள்ளன. 1665-ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் தாம் கண்ட சிறு அறைகளுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். அவர் கண்டது இறந்துபோன செல்களின் வெற்றுச் சுவர்களை. நம் செல்லுக்கு எல்லையாக இருப்பது சுவரன்று, சவ்வு. அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. நீரை நாடும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் கொண்ட கொழுப்பு மூலக்கூறுகள், வால்களை உட்புறமாக வைத்து இரண்டு வரிசையாக நிற்கின்றன. அந்த எண்ணெய்ப் படலத்தைக் கடந்து உப்போ சர்க்கரையோ தாமாக நுழைய முடியாது. அவற்றுக்குக் கதவுகள் வேண்டும். சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களே அக்கதவுகள்.

குடற்செல்லின் பின்புறம், அதாவது இரத்தத்தை நோக்கிய பக்கத்தில், ஓயாமல் ஓர் ஏற்றம் இறைத்துக் கொண்டிருக்கிறது. மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளுகிறது. இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. ஒவ்வோர் இறைப்புக்கும் ஓர் ஏ.டி.பி. மூலக்கூறு கூலி! டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கூ 1957-இல் இதைக் கண்டறிந்தார். 40 ஆண்டுகள் கழித்து, 1997-இல், அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்படி இறைத்துக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. முன்புறம், குடலின் பக்கத்தில், மிகுதி. பள்ளத்தை நோக்கிப் பாயும் மழைநீர் போல் சோடியம் உள்ளே பாயத் துடிக்கிறது. அதற்குரிய கதவுகளுள் ஒன்று மிக விந்தையானது. சோடியம் தனியே வந்து தட்டினால் அந்தக் கதவு வழிவிடாது. சர்க்கரை தனியே வந்து தட்டினாலும் வழிவிடாது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து வந்தால் மூன்றையும் ஒருங்கே உள்ளே அனுப்பும். அவை நுழைந்தால் அவற்றின் பின்னே தண்ணீரும் நுழையும். தண்ணீரை மட்டும் இறைக்கும் ஏற்றம் நம் குடலில் கிடையாது. கரைந்த பொருள் போகும் பக்கம் தண்ணீர் போகும், அவ்வளவுதான். 1960-இல் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் இராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர் இந்தக் கூட்டுக் கதவைப் பற்றி முதன்முதலில் எடுத்துரைத்தார்.

அடுத்துப் பேராசிரியர் காலராவுக்கு வந்தார். காலராக் கிருமி சுரக்கும் ஒரு நஞ்சே பேதிக்குக் காரணம் என்பதை 1959-இல் கல்கத்தாவில் இருந்து மெய்ப்பித்தவர் சம்பு நாத் டே. அந்த நஞ்சு குடற்செல்லைக் கொல்வதில்லை, ஏமாற்றுகிறது. செல் தன்னிடமுள்ள உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. உப்பை மட்டும் உள்ளே விடும் கதவு ஒன்றும் அடைபட்டுப் போகிறது. "ஆனால் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும் கதவை அந்த நஞ்சால் அடைக்க முடியவில்லை. பேதி போய்க்கொண்டிருக்கும்போதே அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆகையால் பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுங்கள்" என்றார்.

என் பேனா நின்றுவிட்டது. மணி அடித்ததும், எல்லாரும் எழுந்து போனதும் எனக்குத் தெரியவில்லை.

பாப்பாவின் கதையை அம்மா எனக்கு ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். காலையில் வாந்தியும் பேதியும் தொடங்கின. நண்பகலுக்குள் கண்கள் குழி விழுந்து, உதடு வெடித்து, "தண்ணி... தண்ணி..." என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பத்தா தடுத்துவிட்டார். "தண்ணியக் குடுக்காதத்தா. குடுக்கக் குடுக்கப் போகத்தான் செய்யும்" என்றாராம். ஈரத்துணியால் உதட்டை மட்டும் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடியலில் முதல் பேருந்தைப் பிடிக்க அம்மா தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பேருந்து நிற்கும் இடம் வருவதற்குள் தோள் கனத்துவிட்டது. அவளுக்கு வந்தது எந்தக் கிருமியோ! அவள் உயிரைக் கொண்டு போனது தாகம்.

அன்று மாலை ஊருக்குப் போகும் பேருந்தில் அப்பத்தாவின் மேல் எனக்குக் கடுங்கோபம் வந்தது. பிறகு நூலகத்தில் தேடிப் படித்தபோது அந்தக் கோபம் மெல்ல அடங்கியது. பேதி கண்டால் குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், பட்டினி போட வேண்டும் என்று சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பெரும் பட்டங்கள் பெற்ற மருத்துவர்களே சொல்லி வந்திருக்கிறார்கள்! உள்ளே போவதுதான் வெளியே வருகிறது என்று கண்ணால் கண்டதை வைத்து அவர்கள் எண்ணினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தாவும் அதையேதான் எண்ணினார். இலட்சத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்ச் சவ்வில் ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதை வெறும் கண்ணால் யார் காண முடியும்?

அந்தக் கதவின் அருமையை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி 1971-இல் நடந்தது. வங்கதேசப் போரின்போது அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தனர். போங்கான் என்னும் எல்லையோர ஊரின் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலநாபிஸ் என்னும் மருத்துவர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலமாக்கி, நீரில் கரைத்து, பெரிய பீப்பாய்களில் வைத்தார். அதை நோயாளிகளுக்குக் குவளை குவளையாகக் கொடுத்தவர்கள் அவரவர் தாய்மாரும் உறவினருமே. நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நோயில், அந்த முகாமில் இறந்தவர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. அவர் 2022-இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இத்தனையும் படித்த பின் எனக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. இதை அம்மாவிடம் சொல்லலாமா? கை எட்டும் தூரத்தில் அடுக்களையில் இருந்த பொருளைக் கொடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கக்கூடும் என்பதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? படித்தவன் என்பதற்காக ஆறிய புண்ணைக் கீறலாமா? பல வாரங்கள் வாய் திறவாமல் இருந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் சித்தப்பாவின் இரண்டு வயது மகனுக்குப் பேதி கண்டது. நான் அங்கன்வாடிக்கு ஓடிப்போய் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி வந்தேன். காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரை அளந்து, பொட்டலம் முழுவதையும் அதில் கரைத்தேன். திண்ணையில் இருந்த அப்பத்தா, "டேய், தண்ணி குடுக்காதடா!" என்று பதறினார். நான் பதில் பேசாமல் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். குழந்தை வாந்தி எடுத்தது. பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுத்தேன். பிறகு நின்றது. ஆட்டோ வந்து மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பையன் தானே டம்ளரை இழுத்துக் குடித்தான்.

அம்மா என் அருகில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பொட்டலத் தாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னடா தம்பி இருக்கு?"

"உப்பும் சர்க்கரையுந்தாம்மா. இன்னும் ரெண்டு உப்பு."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "அன்னிக்கு இதைக் குடுத்திருந்தா, பாப்பா பொழச்சிருக்குமா?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளுக்கு மேல் மனத்திலேயே வைத்திருந்தவரிடம் பொய் சொல்ல நா எழவில்லை.

"பொழச்சிருக்கலாம்மா" என்றேன்.

அம்மா அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கு வழியில குடுக்க மிச்சத்தப் பாட்டில்ல ஊத்து" என்றார். திண்ணையில் அப்பத்தாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை என்னை அழைத்து, "ஏன்டா, நம்ம கஞ்சித் தண்ணில உப்புப் போட்டுக் குடுத்தாலும் கேக்குமா?" என்று கேட்டார். கேட்கும் என்றேன். சோற்றில் உள்ள மாவுப்பொருளும் குடலில் குளுக்கோசாகத்தான் மாறுகிறது. அப்பத்தா தலையை ஆட்டிக்கொண்டார், வேறொன்றும் சொல்லவில்லை. இப்போது எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்குப் பேதி என்றாலும் அம்மாதான் பொட்டலத்தோடு முதலில் போகிறார். தகரப் பெட்டியில் கொலுசுக்குப் பக்கத்தில் எப்போதும் நான்கு பொட்டலங்கள் இருக்கின்றன.

அன்பு நண்பர்களே! என்னைப் போல் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருப்போர் நம்மில் பலர். நாம் படிப்பதை வீட்டில் சொல்ல நமக்கு ஒரு கூச்சம். அவர்களுக்குக் கேட்க ஒரு தயக்கம். இந்த ஒன்றையாவது சொல்லுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். அளவு மிகக் கூடாது. சர்க்கரை மிகுந்தால் அது நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். உப்பு மிகுந்தாலும் கேடு. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சென்ற பருவத் தேர்வில் 'சோடியம் குளுக்கோஸ் கடத்தி பற்றிச் சிறு குறிப்பு வரைக' என்று ஐந்து மதிப்பெண் வினா ஒன்று வந்தது. படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, ஒரு பக்கம் எழுதினேன். ஐந்து மதிப்பெண்ணுக்கு உரியதை அங்கே எழுதிவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதியிருக்கிறேன்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)