மாசத்துக்கு ஒரு செருப்பு

சென்னையிலிருந்து நம்ம ஊருக்கு வர்றவங்க கிளம்புறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி ஒரு கேள்வி கேட்பாங்க. "வயல்ல எல்லாம் நடப்போமே, என்ன செருப்பு போட்டுக்கிட்டு வர்றது?" நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த மாசம் வர்றீங்க?"

விளையாட்டுக்குக் கேட்கிறதில்லை. புதுவாயல் கொல்கத்தா ரோட்டு மேல இருக்கிற ஊர். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போற கம்பெனி பஸ், இன்னொரு பக்கம் நெல்லு வயல். எங்க மாவட்டத்துல சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு நெல்லுக்கு மூணு பட்டம். பட்டம் மாற மாற மண்ணு மாறும். தார் ரோடு சுடும், வரப்பு வழுக்கும், அறுத்த தாள் குத்தும். அதுக்குத் தகுந்த மாதிரி காலுக்கும் மாத்தணும்.

முதல்ல வெயில் காலம். சித்திரை, வைகாசியில மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல தார் ரோட்டுல மெல்லிசான ஹவாய் செருப்போட நடந்து பாருங்க, சூடு ரப்பரைத் தாண்டி உள்ளங்காலுக்கு வரும். அடி தடிமனா இருக்கணும். இந்த விஷயத்துல பழைய டயர் செருப்பை அடிச்சுக்க ஆளில்லை. தேய்ஞ்ச வண்டி டயரை அறுத்து, வார் வச்சு ஆணி அடிச்சுக் கொடுப்பாங்க. பார்க்க அழகு கிடையாது, கனமும் ஜாஸ்தி. ஆனா சீமைக்கருவேல முள்ளு அதைத் தாண்டி வராது. ஹவாய் செருப்பை அந்த முள்ளு வெண்ணெய் மாதிரி துளைச்சுக்கிட்டு ஏறிடும். தோல் செருப்பு பிரியமா வச்சிருக்கிறவங்களுக்கும் இதுதான் நல்ல காலம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு தோலுக்குப் பேர் போன ஊரெல்லாம் நம்ம வடக்கு மாவட்டங்கள்லதானே இருக்கு. மழை வந்ததும் அதைத் துடைச்சு, கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வச்சிடணும். நனைஞ்சா நிழல்ல காய வைக்கணும். வெயில்ல வச்சா விறைச்சுப் போய் வெடிச்சிடும்.

ஆடி மாசம் வந்தா எங்க பக்கம் பெரிய ஸ்டைலே வெறுங்கால்தான். புதுவாயல்லேர்ந்து பெரியபாளையத்துக்கு ரோடு போகுது. பவானி அம்மன் கோயிலுக்கு மஞ்சள் துணி கட்டிக்கிட்டு நடந்தே போறவங்க இருக்காங்க. அங்க போய் வேப்பிலையையே ஆடையா உடுத்திக்கிட்டு கோயிலைச் சுத்தி வருவாங்க. உடம்புக்குப் பச்சை இலை, காலுக்கு ஒண்ணுமில்லை. இதுக்கு மேல என்ன மாற்று ஃபேஷன் வேணும்? நடக்கிறவங்களுக்கு ஒரே ஒரு யோசனை. விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க. வெயில் ஏறிட்டா ரோட்டு ஓரத்து மண்ணுல இறங்கி நடங்க. சர்க்கரை இருக்கிறவங்க செருப்பு போட்டுக்கிட்டே நடங்க, கோயில் வாசல்ல கழட்டிக்கலாம். அம்மன் கோவிச்சுக்க மாட்டா.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் உண்மையான பரீட்சை. ஹவாய் செருப்போட சேத்துல நடந்தா பின்னாடி முதுகு வரைக்கும் புள்ளி புள்ளியா சேறு தெறிச்சிருக்கும். வெள்ளை வேட்டின்னா கேட்கவே வேணாம். வரப்புல வழுக்கி விடுறதுக்கும் அதுதான் முதல் காரணம். பின்னாடி வார் வச்ச பிளாஸ்டிக் செருப்பு நல்லது. நனைஞ்சாலும் அலசிப் போட்டா காஞ்சிடும், விலையும் கம்மி.

கம்பூட்ஸ் வாங்கலாமான்னு கேட்பாங்க. மாட்டுக் கொட்டகை கழுவ, மருந்து அடிக்க, வாய்க்கால் வெட்ட அருமையான சாமான். நடவு வயல்ல மட்டும் ஆகாது. சேறு கவ்விப் பிடிச்சுக்கும், கால் வெளியே வரும், பூட்ஸ் உள்ளேயே நிற்கும். நாத்து நடறவங்க வெறுங்கால்ல இறங்குறது பழக்கத்துக்காக மட்டும் இல்லை. விரலை விரிச்சு ஊன்றினாத்தான் சேத்துல நிக்க முடியும்.

அதுக்கு விலையும் உண்டு. நாள் பூரா தண்ணியில ஊறின விரல் இடுக்கு வெளுத்து, வெடிச்சு, எரியும். சேத்துப்புண். எலி மூத்திரம் கலந்த தண்ணி அந்த வெடிப்பு வழியா உள்ள போனா எலிக்காய்ச்சல் வரைக்கும் இழுத்துட்டுப் போகும். கரையேறினதும் நல்ல தண்ணியில சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாம துடைக்கிறதுதான் பாதி வைத்தியம். புண் ஆறுற வரைக்கும் சேத்துல இறங்காம இருக்கிறது மீதி. கூலிக்கு நடறவங்களுக்கு அந்த மீதிப் பாதிதான் கிடைக்கிறதில்லை.

நடவுல நிக்கிற பொம்பளைங்க உடுப்பைப் பார்த்திருக்கீங்களா? புடவைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கை சட்டை, தலையில துண்டு. வெயில் தாங்கும், நெல்லுப் பயிர் கையை அறுக்காது. எந்தக் கடை பொம்மைக்கும் இப்படி மாட்டி விட்டதில்லை. வேலையே தைச்சுக் கொடுத்த உடுப்பு அது.

மார்கழி, தையில சம்பா அறுவடை. அறுத்த தாள் ஈட்டி மாதிரி நிக்கும், அதுல வெறுங்கால் கூடாது. இன்னொண்ணு பாம்பு. நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் நம்ம நாட்டுல ஆளைக் கொல்றவை. வயல்ல கடி பெரும்பாலும் காலுலதான் படுது. ராத்திரி தண்ணி கட்டப் போனா கணுக்கால் மூடின ஷூவும் டார்ச் லைட்டும் கட்டாயம். வெளியே கிடந்த ஷூவைத் தட்டி உதறிட்டுத்தான் காலை விடணும், உள்ளே தேள் இருக்கலாம். கடிச்சிட்டா அறுக்காதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, நேரா அரசு ஆஸ்பத்திரி. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறதுல வடநெம்மேலி இருளர் கூட்டுறவு சங்கம் 1978-லேர்ந்து இருக்கு.

களத்துல மட்டும் செருப்பைக் கழட்டிடுங்க. குவிச்ச நெல்லு மேல யாரும் செருப்புக் காலோட ஏற மாட்டோம். சோறு அது.

இவ்வளவு இருந்தும் ஊர்ல ஒரு வீம்பு உண்டு. "விவசாயிக்கு எதுக்குடா ஷூ?" சிப்காட்டுக்கு வேலைக்குப் போற பசங்க பழசான சேஃப்டி ஷூவை வயலுக்குப் போட்டுக்கிட்டு வந்தா, "தொர வந்துட்டாரு"ன்னு கிண்டல். லுங்கிக்குக் கீழ இரும்பு முனை வச்ச ஷூ பார்க்க வேடிக்கைதான். ஆனா களை வெட்டும்போது கை தவறினா அந்த இரும்பு விரலைக் காப்பாத்தும்.

எங்க பெரியப்பா அந்த வீம்பு உள்ள மனுஷன். பல வருஷமா சர்க்கரை. "எங்க மண்ணு என்னை ஒண்ணும் பண்ணாது"ன்னு வெறுங்கால்தான். சர்க்கரையில பாதத்து உணர்ச்சி குறைஞ்சு போனது அவருக்குத் தெரியல. முள்ளு குத்தினதும் தெரியல. வீட்டுல நாத்தம் வந்த பிறகுதான் பார்த்தோம். வலது கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க.

இப்போ அவர் போடுறது எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணறை ரப்பர் வச்ச மெத்து மெத்துன்னு ஒரு அடி, பின்னாடி வார். உணர்ச்சி இல்லாத கால்லேர்ந்து சாதாச் செருப்பு நழுவினாக்கூட தெரியாது, அதுக்குத்தான் அந்த வார். கொல்லிமலையில 1914-ல பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர்ல தொழுநோயாளிங்களுக்கு வைத்தியம் பார்த்தவர். வலி தெரியாததாலதான் அவங்க காலு கெடுதுன்னு புரிஞ்சுக்கிட்டு இந்த மாதிரி மெத்துச் செருப்புக்குப் பாடுபட்டார். அன்னைக்கு அவங்களுக்கு வந்தது இன்னைக்கு சர்க்கரைக்காரங்களுக்கு உதவுது. டீக்கடையில ஒருத்தர், "இன்னா பெரியவரே, எல்.கே.ஜி. பையன் செருப்பு மாதிரி கீது"ன்னார். "விரல் கீறவன் சிரிப்பா"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சார் பெரியப்பா.

அடுத்தவங்க காலைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கணும். செருப்பு போடுறதே சிலருக்கு மறுக்கப்பட்ட நாடு இது. ஊர்த் தெருவுல வந்தா செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கணும்னு தலித் மக்களை வச்சிருந்தாங்க. பழைய கதைன்னு நினைக்காதீங்க. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூர்ல, 2023 டிசம்பர்லதான் சுமார் 60 பேர் சேர்ந்து, அதுவரைக்கும் தடுத்து வச்சிருந்த தெருவுல செருப்போட நடந்தாங்க. அவங்க போட்டிருந்தது என்ன மாடல்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

ஆகவே வாங்க. வெயில்னா தடிமனான அடி, மழைன்னா பின்வார் பிளாஸ்டிக், ராத்திரின்னா மூடின ஷூ. சர்க்கரை இருந்தா எப்பவுமே ஏதாவது ஒண்ணு காலுல இருக்கணும், வீட்டுக்குள்ளேயும் கூட. ராத்திரி படுக்கப் போகும்போது பாதத்தைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கோங்க. குனிய முடியலைன்னா ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில வச்சுப் பாருங்க.