மனசுக்குள் ஒரு கிணறு

எனக்கு 52 வயதில் ஞானக்கண் திறந்தது. எட்டே மாதத்தில் மூடிக்கொண்டது. இடையில் 320 அடிக்கு ஒரு போர் போட்டுவிட்டேன்.

அப்போது சென்னையில் ஒரு தியான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கண்ணை மூடி, மூச்சை அடக்கி, உள்ளே ஒரு அறை கட்டச் சொல்வார்கள். சுவர், கதவு, உட்கார நாற்காலி, எதிரே ஒரு வெள்ளைத் திரை. அறை நிலைத்ததும் கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பதில் படமாக வருமாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒன்றுமே வரவில்லை. கண்ணை மூடினால் இருட்டுதான். போன ஜென்மத்துப் பாவம் என்று நொந்துகொண்டார். பாவமும் இல்லை, ஒன்றும் இல்லை. 1880இலேயே இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் பலரிடம், அன்று காலை சாப்பிட உட்கார்ந்த மேசையை மனதில் கொண்டுவாருங்கள் என்று கேட்டுப் பார்த்தார். சிலருக்குத் தட்டும் கோப்பையும் பளிச்சென்று வந்தன. சிலருக்கு எதுவுமே தெரியவில்லை, அவர்களில் பெரிய படிப்பாளிகளும் இருந்தார்கள். அப்படி இருப்பதற்கு 2015இல் ஆடம் ஜெமன் என்ற மருத்துவர் 'அஃபன்டேசியா' என்று பெயரே வைத்தார். ஆளுக்கு ஆள் அமைப்பு வேறு, அவ்வளவுதான்.

எனக்குத் தாராளமாக வந்தது. அதுதான் வினை.

அந்தக் கோடையில் நாகலாபுரத்தில் எங்கள் நிலத்துத் தண்ணீர் அடியோடு போய்விட்டது. நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டி வரலாம் என்றார் அண்ணன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு அவர் வயலில் நடப்பார். தேங்காய் நிமிர்ந்து நின்றால் அங்கே தண்ணீர். படித்தவனாயிற்றே, நான் சிரித்தேன். சிரித்துவிட்டு என் அறைக்குள் போய்த் திரையைக் கேட்டேன். வந்தது பாருங்கள்: வடகிழக்கு மூலை, புளியமர நிழல், காலுக்கடியில் ஈர மண், தவளை கத்துகிற சத்தம்கூட.

போர் வண்டி வந்தது. ராத்திரி முழுக்க ஓட்டியும் 320 அடி வரை வெள்ளைப் புகையாகக் கல்தூள்தான் கிளம்பியது. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டேய், அந்த எடத்துலதான் தாத்தா வெட்டின கெணறு இருந்திச்சி. தண்ணி நின்னுபோச்சின்னு நைனா தூத்துட்டாரு. உனக்கு அப்ப நாலு வயசு. தவள பாக்கணும்னு அங்கியே கெடப்பே" என்றார்.

எனக்குச் சுத்தமாக நினைவில்லாத கிணறு. நினைவில்லாததால்தான் அது வெளியிலிருந்து வந்த செய்தி போல வேஷம் போட்டுக்கொண்டு திரையில் ஏறியிருக்கிறது. அத்தனை துல்லியமாகத் தெரிந்ததே என்று நம்பினேன். துல்லியத்துக்கும் உண்மைக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்திலேயே அரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது.

பல வருஷம் கழித்துப் பெரியபுராணத்தில் பூசலார் கதையை மறுபடி படித்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் தாண்டினால் அவருடைய திருநின்றவூர். கையில் காசில்லாதவர், மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். அதே நாளில் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ அரசன் கனவில் சிவன் வந்து, நாளைத் தள்ளிவை என்றார். ராஜா நின்றவூர் வந்து தேடினால் கோயிலே இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் நின்ற இடம் வேறு. அந்த மனசுக் கோயிலில் அஸ்திவாரம், சுதை வேலை, மதில், குளம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லும் சேக்கிழார், பூசலார் ஒரு கிணறும் தோண்டினார் என்கிறார். ராத்திரியிலும் கண்மூடாமல் கட்டினாராம். அந்தக் கிணற்றில் தண்ணீர் வருமா என்று அவர் யாரிடமும் கேட்டதாகக் கதையில் இல்லை.

எங்கள் ஊர் வேதநாராயண சுவாமி கோயிலையும் கனவு கண்ட ஒரு ராஜாதான் கட்டினார். தாய் நாகலாம்பாள் பெயரால் ஊரை அமைத்த கிருஷ்ணதேவராயர், ஆந்திர மகாவிஷ்ணு கனவில் வந்து சொன்னதால் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் பாடியதாக ஆமுக்தமால்யதாவில் எழுதியிருக்கிறார். கனவு ஒரு ராத்திரி. காவியத்துக்கு உட்கார்ந்து எழுத வேண்டியிருந்ததே!

கடைசி மூன்று வருஷம் அம்மா படுக்கையில் இருந்தார், இடுப்பெலும்பு முறிந்து. சாயங்காலம் ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். தெருமுனை, பூக்கடை, கோபுர வாசல், ஒவ்வொரு படியாக. பங்குனியில் மாலை வெயில் கோபுர வாசல் வழியே நுழைந்து கருவறை மச்சாவதாரப் பெருமாள்மீது விழும். முதல் நாள் பாதத்தில் பட்டு, அடுத்தடுத்த நாளில் மேலே ஏறும். அந்த நாட்களில் மட்டும் அம்மா சீக்கிரமே கிளம்புவார், வெயில் போய்விடும் என்று.

ஒரு நாள் கரண்டு பில்லை எங்கே வைத்தாய் என்று கேட்டு எழுப்பிவிட்டேன்.

"கொடிமரம் வரைக்கும் போயிட்டேன்டா. கெடுத்துட்டியே. இனிமே தெருவுலேர்ந்து நடக்கணும்."

எனக்குப் பழைய புத்தி போகவில்லை. "அங்க சாமி உனக்கு ஏதாவது சொல்றாராம்மா?" என்று கேட்டேன்.

"அவருக்கு வேற வேல இல்லியா? பாக்கப் போறேன், பாத்துட்டு வரேன்."

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் போர்வைக்கு வெளியே கால்விரல்கள் அசைந்தன. செருப்பைக் கழற்றுகிறார் போலிருந்தது.